ஆறாவது கட்டம்

பொத்துவில் நீதிமன்றச் சான்றுப்பொருள் பதிவேட்டில்
ஆறாவது கட்டம்: நிறம்.
அரை அங்குல அகலம். ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

பொதி நூற்றிப் பதினேழு.
லாகுகலைக் காட்டோரச் சேனையில் பிடுங்கிய
இருபத்திமூன்று கஞ்சாச் செடி.
"பச்சை" என்று எழுதினேன்.
எல்லாப் பொதிக்கும் அப்படித்தான்,
ஐந்து மணி பஸ் போய்விடும்.

பச்சை இல்லை அது.
தை மாதத்து இரவுக் குளிர் இறங்கி
இலை நரம்போரம்
நாவற்பழம் தின்ற நாக்கைப்போல் கறுத்திருந்தது.
தண்டில் ஊதாக் கோடுகள்.
பகுப்பாய்வுக் கந்தோரிலிருந்து வந்த பெடியன்
சீல் அரக்கை ஊதி ஆறவைத்தபடி சொன்னான்:
மஞ்சள் முந்தியே உள்ளுக்குள் இருக்குமாம்,
பச்சை மறைத்துக்கொண்டு நிற்குமாம்.
ஊதாவை மட்டும் செடி
குளிருக்குத் தானே செய்துகொள்ளுமாம்,
சில நேரம்
மண்ணில் சத்து வற்றினாலும்.

உரம் வராத வருஷம் அது.
வயல்கள் மஞ்சளித்ததை
எந்தக் கட்டத்திலும் யாரும் எழுதவில்லை.

பிந்தின மழையில் களஞ்சிய ஓடு ஒழுகிற்று.
பச்சை அசையவில்லை.
ஊதாதான் கரைந்து
கடதாசி கடந்து, கட்டின நூல் கடந்து
கீழே கிடந்த பதிவேட்டில் இறங்கி
"கையொப்பம்" வரை போயிருந்தது.
துடைத்த என் விரலிலும்.
சவர்க்காரம் போட்டேன், நீலமானது.
மத்தியானம் பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தேன்,
சிவந்தது.

வழக்கு நாள்.
சாஜனின் சிங்களக் குறிப்பில் "தம் பாட்ட".
மொழிபெயர்ப்பாளர் இஸ்மாலெவ்வை
கண்ணாடியை மூக்கில் ஏற்றி
"ஊதா" என்றார்.
கூண்டுக்குள் பூபாலப்போடி பதறிக் கைகூப்பி,
"இல்ல ஐயா, நான் ஊதுறல்ல,
வித்தது மட்டுந்தான்."

கோடு முழுக்கச் சிரிப்பு.
அவருடைய சட்டத்தரணி மட்டும்
நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.
நீதவான் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.
பச்சை என்ற என் எழுத்தின் மேல்
படர்ந்து காய்ந்த கறையைக்
கொஞ்ச நேரம் பார்த்தார். மறுகா என்னை.
"இது என்ன நிறம்?"

விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.
"பச்சை, சேர்."
கை வியர்த்தது.
உள்ளே அது என்ன நிறத்துக்கு மாறிற்றோ,
பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரை
நான் திறந்து பார்க்கவில்லை.