முப்பத்தேழாவது வயர்

பற்றரியைக் கழற்றும்போதே பெனில்டஸ் சொன்னார்:
"கவனம். இதிலை நேர்முனைதான் உடம்போடை."
ஐம்பத்தொன்பதாம் ஆண்டு லான்ட் றோவர்.
கச்சேரி ஏலத்தில் எனக்கு விழுந்தது,
நீர்ப்பாசனத் திணைக்களத்தின் இலக்கம்
கதவில் இன்னும் மங்கலாய்த் தெரிய.

ஹோர்ன் அடித்தால் வைப்பர் அசையும்.
இடப்பக்கம் சிக்னல் போட்டால்
பின்விளக்கு இரண்டும் மூச்சு வாங்கும்.
மாசியில் குச்சவெளிக்கு அளவைக்குப் போனபோது
டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை:
ரப்பரும் பழந்துணியும் சேர்ந்தெரிகிற மணம்.
போத்தல் தண்ணீரை ஊற்றியிருக்கக் கூடாது.
ஊற்றினேன்.

நான் நில அளவையாளர்,
எதற்கும் முதலில் கட்டைக்கு இலக்கம் போடுகிறவள்.
அட்டையை வெட்டி, ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எழுதி
முனைக்கு முனை நூலால் கட்டினேன்.
வயரிங் படத்தின் கணக்கு முப்பத்தாறு.
பழைய ஹார்னஸைச் சட்டகத்துக்குள்ளிருந்து
பெனில்டஸ் மெல்ல மெல்ல உருவினார்.
பின்னிய பருத்தி உறை, கடற்காற்றில் வெந்து
தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது.
உவர்மலை முற்றத்தில் அதை நீட்டி வைத்தோம்,
முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை,
வண்டி இல்லாத வண்டியின் நீளத்தில்.

பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனோம். அதுதான் பிழை.

திரும்பி வந்தால் மூன்று புள்ளிமான்கள்.
சந்தையடியில் போஸ்டர் தின்று பழகியவை
முற்றத்தில் நின்று
என் இலக்கங்களை மென்றுகொண்டிருந்தன.
"பதினாலு போட்டுது," என்றார் பெனில்டஸ்,
கலைக்கக்கூட இல்லை.
கொம்புள்ளது என்னைப் பார்த்தபடியே
இருபத்திரண்டையும் நூலோடு விழுங்கியது.

நிறத்தை வைத்துப் பிரிக்கலாமென்றால்
மண்ணிறம் வெள்ளை பச்சை நீலம் எல்லாம்
அறுபது வருடத்தில் ஒரே தேயிலைச் சாயம்.
சோதனை விளக்கோடு குந்தினோம்.
ஒரு முனையில் அவர். மறுகோடியில்
ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு நான்.
எரிந்தால் அதுதான் இது.
உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் நிறம்:
நீலத்தில் வெள்ளைக்கோடு தூர வெளிச்சம்,
நீலத்தில் சிவப்புக்கோடு கிட்ட வெளிச்சம்.
முழு வண்டிக்கும் இரண்டே இரண்டு பியூஸ்.

இரண்டு நாளில் முப்பத்தாறும் முடிந்தன.
ஒன்று மிச்சம்.

மஞ்சள் பிளாஸ்டிக், வீட்டுக்கு இழுக்கிற வயர்.
மூட்டுகளில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில்,
மாடிப்படிக்குப் போடுகிற இருவழிச் சுவிச் ஒன்றில் தொடங்கி
கூரை விளக்குக்கு ஏறியது.
மேலே தட்டினால் முன்விளக்குக்கு ஓடும்.
கீழே தட்டினால் அது நின்று, உள்விளக்கு.
"என்னத்துக்கு இப்பிடி?" என்று தொடங்கியவள்
பாதியில் நிறுத்தினேன்.

இரவில், சென்றிக்கு ஐம்பது யார் முன்னே
முன்விளக்கை அணைக்கவேணும்,
உள்விளக்கைப் போடவேணும்,
முகங்கள் தெரிய. மடியில் கைகள் தெரிய.
இரண்டு சுவிச்சைத் தேடிப் பயந்த ஒருவர்
இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறார்.
ஓவசியரோ, சாரதியோ. பெயர் எங்கும் இல்லை.

பெனில்டஸ் அதை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தார்.
"நல்ல வேலை," என்றார். "ஈயம் சுத்தமா வைச்சிருக்கிறான்."

கப்பலில் வந்த புதிய ஹார்னஸில்
அந்தச் சுவிச்சுக்கு வழி கிடையாது.
கழற்றவும் முடியவில்லை, ஆணி துருவேறிவிட்டது.
எதோடும் சேராமல் அது அங்கேயே இருக்க
சனிக்கிழமை பின்னேரம் முடித்தோம்.
ஹோர்ன் ஹோர்னை மட்டும் அடித்தது.
வைப்பர் கேட்டால்தான் அசைந்தது.

இருட்டியபின் ஓட்டிப் பார்க்கப் போனோம்.
பெனில்டஸ் ஸ்டியரிங்கில். நிலாவெளி றோட்.
சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட
வேகத்தைக் குறைத்தார், கை கீழே போனது,
டிக் என்று கேட்டது.

முன்விளக்கு எரிந்தபடியே இருந்தது.
"சும்மா பாத்தனான்," என்றார்.
தாரின் சூட்டில் படுத்திருந்த மாடொன்று
வெளிச்சத்தைப் பார்த்து, யோசித்து,
எழும்பி வழி விட்டது.