நான்காம் தாள்

பசை இன்னும் ஆறவில்லை.
மாவு, தண்ணீர், பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
ஏணியின் ஆறாம் படியில் நின்று
முதல் தாளைத் தலைகீழாக ஒட்டப் பார்த்தேன்.
முழுக்கச் சாம்பல். வானத்துக்கு
மேல் எது கீழ் எது என்று யார் முத்திரை குத்துவது?

"மழை எந்தப் பக்கம் சாயுது பாரு!"
கீழே வாளியோடு அல்வீனே கத்தினாள்.

பார்த்தேன்.
இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு
எல்லாக் கோடும். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.
ரீகாவில் மழை அப்படிப் பெய்வதே கிடையாது.
தௌகவா ஆற்றைத் தாண்டி வருகிற காற்று
குடைக்குள்ளேயே அதை ஏற்றிவிடும்.
இது நனைக்க வந்த மழை அல்ல.
ஆயிரம் ஆள்காட்டி விரல்.

வரைந்தவனை நான் பார்த்ததில்லை.
ஆனால் எங்களை நினைத்து வரைந்திருக்கிறான்.
தாளும் தாளும் சேரும் இரண்டு விரல் அகலத்தில்
மழையைத் தவிர எதையும் வைக்கவில்லை.
போன மாதச் சோப்புக்காரி நினைவிருக்கிறதா?
மூக்கின் நடுவே ஒட்டு.
மரியாஸ் தெரு முழுக்க அவளுக்கு
நான் மூக்கை உடைத்தேன் என்று பேச்சு.

மூன்றாம் தாளில், இடது கீழே,
ஆள் உயர பூட்ஸ்.
சிவப்பு.
இவ்வளவு பெரிய சுவரில் சிவப்பு இந்த ஒரு முறைதான்;
கஞ்சத்தனமா திமிரா, தெரியவில்லை.
அதன் விளிம்புக்கு ஒரு விரல் முன்னால்
கோடுகள் நின்றுவிடுகின்றன.
ஈரமின்மையை அவன் வரையவே இல்லை.
கையை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.
அந்த இடம் காய்ந்துவிட்டது.

பூட்ஸின் நுனி வலப்பக்கம் எட்டு வைக்கிறது,
மழை சாய்கிற அதே மூலைக்கு,
நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டிய நான்காம் தாளுக்கு.

கட்டில் நான்காம் தாள் இல்லை.
மூன்றாவதே இரண்டு இருந்தது.

"இன்னொரு காலையும் ஒட்டிடு" என்றாள்.
"ரெண்டும் இடது கால்."
சிரித்ததில் ஏணி ஆடியது.

வெறும் செங்கல்லோடு விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை சுவரெதிரே கூட்டம்.
மீன் கூடையை இறக்கிவைத்த ஒருத்தி,
டிராமைத் தவறவிட்ட இரண்டு குமாஸ்தாக்கள்.
மழையோடு சாய்ந்து, பூட்ஸோடு நடந்து
கடைசியில் செங்கல்லில் முட்டி நின்றது கண்.
"யாரோடது?"
யாராலும் கேட்காமல் போக முடியவில்லை.

செவ்வாயன்று யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பயல்
சுண்ணக்கட்டியால் அங்கே தன் பெயரை எழுதியிருந்தான்: தியோடோர்ஸ்.
புதனன்று அதை அடித்து, ஒரு பெண்ணின் பெயர்.
வியாழன் மாலை ஷிஃப்ட் முடிந்து
ரப்பர் தொழிற்சாலைப் பெண்கள் அந்த வழியாகப் போனார்கள்.
கந்தக வாடை தெருமுனைவரை நின்றது.
அவர்கள் எழுதியது ஒரே சொல்:
நாங்கள்.

அவ்வளவு பொருத்தமாக வந்து விழுந்த எழுத்தை
எந்தச் சுவரொட்டியிலும் நான் ஒட்டியதில்லை.
கோடெல்லாம் அதைத்தான் சுட்டிக்கொண்டிருந்ததுபோல.

வெள்ளியன்று மேலாளர் ருடோல்ஃப்ஸ் நேரில் வந்தார்.
தொண்டை கிழியத் திட்டிவிட்டு நான்காம் தாளைக் கொடுத்தார்.
ஈரத் துணியால் செங்கல்லைத் துடைத்தேன்.
துடைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்;
பாதிச் சுண்ணம் அடியில் அப்படியே இருக்கும்.
வெள்ளை எழுத்து, தடித்த கால்கள், நல்ல பெயர்தான்.
கண் வந்தது, படித்தது,
டிராம் ஏறிப் போனது.
கூலியில் ஒரு லாட் பிடித்தம்.

மிஞ்சிய மூன்றாம் தாளை
வீட்டுச் சுவரின் விரிசல்மேல் ஒட்டியிருக்கிறேன்.
வருகிறவர்கள் எல்லோரும்
என்னைப் பார்க்கும் முன்
அடுப்பின்மேல் கெட்டிலைப் பார்க்கிறார்கள்.
பூட்ஸ் அந்தப் பக்கம் போகிறது.
நானும் எழுந்து
தேநீர் போட வேண்டியதாகிறது.