தகவலாளி 17

முதல் கூட்டம் மூன்று மணிக்கு.
நான்காகியும் கொருக்குப்பேட்டை கேட் திறக்கவில்லை.
டேங்கர் வண்டிகள் ஒவ்வொன்றாய்
நகர்வதும் நிற்பதும் யோசிப்பதுமாய்.
இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர்,
அந்தப் பக்கம் சுகிர்தாவும் மாடிச் சாவியும்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே அந்த அறை.
வாடகை வேண்டாம் என்ற கடைக்காரர்
ஒன்றே ஒன்று கேட்டார்:
"ஆராய்ச்சின்னா, ஸ்டான்லியில மாதிரி
ரத்தம் எடுப்பீங்களா?"
இல்லைண்ணே,
எடுத்தது போதும் என்று எழுதப் போகிறோம்.

துரைக்கண்ணு ஒரு சார்ட் பேப்பரை விரித்தான்.
மதுரை, தூத்துக்குடி, ஹாசன், யாழ்ப்பாணம்,
தார்வாடில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டார்.
திருநங்கைகள், திருநம்பிகள்,
இரண்டுக்குள்ளும் அடங்காமல்
பென்சிலில் எழுதிய மூவர்.
மொத்தம் முப்பத்தொன்று.
சான்றிதழில் ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர்;
எந்தப் பெயருக்குக் கடிதம் போடுவது என்பதிலேயே
அரை மணி போனது.

முடித்த ஆய்வுகள் நான்கு.
விட்டவை?
அப்படி ஒரு பட்டியல் யாரும் எடுத்ததில்லை.
அதைத்தான் முதலில் எடுப்போம் என்றாள் சுகிர்தா,
எந்த விடுதி என்று தெரியாமல்
மூன்றாம் செமஸ்டரில் பெட்டியோடு நின்றவள்.

என்னுடையது இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறது.
"உங்களைப் பற்றி நீங்களே எழுதினால்
அது ஆய்வாகுமா?" என்கிறார் நெறியாளர்.
அவர் டாக்டரானது
சொந்த ஊர்க் கோயில் கல்வெட்டுகளுக்கு.

அடுத்து, சொற்கள்.
ஜமாத்துக்குள் மட்டும் புழங்கும் பேச்சை
அகராதியாக்கலாமா?
கூடாது என்றான் துரைக்கண்ணு. கூடும் என்று கை தூக்கினேன்.
போலீஸ் வந்தால் ஒருவருக்கொருவர்
எறிந்துகொள்ள ஒரு சொல் இருக்கிறது.
அச்சிட்டால் ஜீப்பும் படிக்கும்.
கையை இறக்கிக்கொண்டேன்.

பெயர் வைக்கும் பேச்சு வந்தது.
காசிமேடு பக்கம்தானே, 'வலை' என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெஹரூன்,
துறைமுகத்தில் விடிகாலை நாலு மணி இட்லி அவளுடையது,
நிமிராமல் கேட்டாள்:
"அது வலைன்னா நாம யாரு, மீனா?"
பெயர் என்ற இடம் இன்னும் காலி.

போன மாதம் பல்கலைக்கழக நூலகத்தில்
அவளைக் கண்டுபிடித்திருந்தேன்,
பக்கம் நூற்றுப் பன்னிரண்டில்.
தகவலாளி 17. வயது 34. தொழில்: பிற.
படித்துக் காட்டினேன்.
"பிறன்னா இன்னா?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எட்டு பேர் வந்தாங்கோ. எட்டும் எழுதிக்கினு பூட்ச்சி.
ஒரு தாளு திரும்பி வர்ல.
மொதல்ல வந்தது செருப்ப கயட்டாம உள்ள வந்துச்சி.
ரெண்டாவது டீய கையில வச்சிக்கினே இருந்துச்சி, குடிக்கல.
நாலாவது அய்துச்சி, நாந்தான் தண்ணி குட்த்தேன்.
ஆறாவது ஆபரேசன பத்தியே ரெண்டு மணி நேரம்.
கடேசியா வந்தது ஏழு இட்லி துன்னுச்சி,
அது நல்ல புள்ள."

சுகிர்தா மினிட்ஸ் பக்கத்தைத் திருப்பி
புதுப் பக்கத்தில் கோடு போட்டாள்.
உறுப்பினர் எண்: ஒன்று.
பெயர்: மெஹரூன்.
தொழில்: இட்லி.
ஆய்வுப் பொருள்: ஆய்வாளர்கள்.
மாதிரி அளவு: எட்டு.

"இதுக்குக் காசு எம்மா குட்பாங்கோ?"
தெரியவில்லை என்பதையும் எழுதினோம்.

கீழே கேட் மறுபடி விழுந்தது.
இனி யாரும் கிளம்ப முடியாது.
பாக்கி இருந்த தலைப்பு:
பதிவு செய்த குரல்களை
யார் வீட்டுக்கு, எந்தத் தேதிக்குள்
திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது.
வெங்காயம் பாதிதான் உரிந்திருந்தது.
துரைக்கண்ணு ஒரு கத்தி கேட்டான்.