முந்நூற்றுப் பதினொன்று

கருப்பூரில் மதியம் இரண்டரை.
ஏசி நின்று மூன்று நாள்.
சுவரில் வெப்பமானி முப்பத்தெட்டைத் தொட்டபடி நிற்கிறது.

குழிந்த இரண்டு கண்ணாடிகள் எதிரெதிரே.
நடுவில் ஒரு சொட்டுச் சாயம்.
தலைமுடியை ஐம்பதாய் வகிர்ந்தால் ஒரு பங்கு,
அவ்வளவுதான் இடைவெளி.

பச்சை லேசரை உள்ளே விட்டோம்.
சாயம் விழுங்கியது, துப்பியது,
மறுபடி விழுங்கியது.
எச்சில் பட்டுப் பட்டு
ஒளிக்கு ஊர் பழகிவிட்டது.

வெறும் பெட்டியில் அடைத்திருந்தால்
ஆற ஆறச் சுவருக்குள் செத்துப்போகும்.
இங்கே அதற்கும் வழியில்லை:
மஞ்சளுக்குக் கீழே படி கிடையாது.

நூர்ஜகான் வளைகோட்டைப் பொருத்தி
எண்ணை இரண்டு தடவை வாசித்தாள்.
முந்நூற்றுப் பதினொன்று கெல்வின்.
கழித்துப் பார்த்தோம்.
சுவரில் இருந்த அதே முப்பத்தெட்டு.

"வெளிச்சத்துக்கும் வேர்க்குதுங்க"
என்றான் செங்கோடன்,
சாயப்பட்டறையில் ஏழு வருஷம் நின்றதில்
நகக்கண்ணில் இன்னும் ரோஸ் போகாதவன்.

கூட்டு என்றேன்.
குமிழைத் திருகினான்.
திரையில் மங்கல் வட்டம்.
இன்னும்.
அதே வட்டம், கொஞ்சம் தடித்து.
மேலே நிற்க இடம் இருக்கும்வரை
எல்லாம் மேலேயே நிற்கும்.
இடம் தீர்ந்தது எந்தத் திருகலில் என்று தெரியாது.
அதன்பின் வந்ததெல்லாம்
குழியின் அடியில்,
ஒன்றன்மேல் ஒன்றாக அல்ல,
ஒன்றாகவே.

நடுவில்
கடுகளவு மஞ்சள்.

யாரும் கத்தவில்லை.
நூர்ஜகான் முக்காட்டின் நுனியால்
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
அப்புறம் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிடத் தொடங்குவதற்குள்
பல லட்சம் தடவை
இறந்து முடித்திருந்தது அது.

ஐந்தரை மணி ஏற்காடு பஸ்.
எட்டாவது வளைவில் முதுகுச் சட்டை உலர்ந்தது.
பதினேழில் முன்கண்ணாடி வெளுத்து
டிரைவர் வைப்பரைப் போட்டார்.
காற்றில் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது
இத்தனை தண்ணீர்?

மேலே பத்தொன்பது டிகிரி.
வெப்பத்தின் வர்க்கத்தில் இறங்கும் கணக்கு:
கீழே நூறு துகள் கூட வேண்டிய இடத்தில்
இங்கே எண்பத்தெட்டு போதும்.

செங்கோடனுக்கு அனுப்பினேன்:
மலையில் செய்தால் பன்னிரண்டு மிச்சம்.

பதில் ஒண்டிக்கடையில் இறங்கும்போது வந்தது.
ஏசிக்காரர் வந்துட்டாருங்க.
எத்தனையில வைக்கட்டும்னு கேக்கறார்.

திரை முழுக்கப் பனி ஈரம்.
எங்கே தொட்டாலும்
என் விரலை அது விரலென்று ஏற்கவில்லை.