மூன்றாவது கட்டம்

சுங்கை பூலோ, காலை ஏழு இருபது.
நீர் வற்றிச் சேறு
ஜொகூர்ப் பக்கமாக நீள்கிறது.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பால்நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கலப்பு.

“நெஞ்சில பட்டை இருக்கா பாரு,”
தொலைநோக்கியைத் தருகிறாள் ஜுலைஹா.
இருக்கிறது.
இல்லை, அது நிழல்.
முதுகு இறகில் மட்டும்
துவைத்தும் போகாத சாயம்போல் கொஞ்சம் ரோஸ்.

பாதி திறந்த அலகை நீரில் வைத்து
அது காத்திருக்கிறது.
ஏதோ தொட்டதும் மூடிக்கொள்கிறது.
என்ன மீன் என்று பார்ப்பதில்லை.

கலப்பு பெருகினால்
பால்நாரை என்ற ஒன்றே மிஞ்சாது.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
உண்மைதான்.
உலகத்தில் மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

என் மகள் பிறந்த வாரம்
பதிவு முகப்பில் இனம் கேட்டார்கள்.
ஹுய் மின் என்னைப் பார்த்தாள்,
நான் பேனாவைப் பார்த்தேன்.
இரண்டையும் எழுதி
நடுவில் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டோம்.

இங்கே கோட்டுக்கு இடமில்லை.

மூன்றாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதுகிறேன்.
பென்சில் முனை ஒடிகிறது.
“எத்தனை?” என்கிறாள் ஜுலைஹா.
அதற்குள் இன்னும் இரண்டு
கால்களை நீட்டியபடி
சேற்றில் இறங்குகின்றன,
அதன் பக்கத்திலேயே.