பதினான்கு நொடி

நாற்பத்தோரு நிமிடம் ஓடியது விழா.
நீடாமங்கலம், ரயில்வே கேட் தாண்டி
ஏ.சி. போடாத ஏ.சி. மண்டபம்.
'மயில்கண்' பொன்னி அரிசிக்கு வெள்ளிவிழா.
கேமரா நான். கூலி மூவாயிரம்,
அதில் ஆயிரம் பாக்கி.

மில் முதலாளி தட்சிணாமூர்த்தி
மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ரேஷன் அரிசி தின்ன நாக்குக்கு
நம்ம அரிசி ருசி எப்படிங்க தெரியும்?"
முன்வரிசை சிரித்தது.
விளம்பரத்துக்கு வந்திருந்த சீரியல் நடிகை
சிரிக்கக் கொஞ்சம் தாமதித்தாள்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

அன்றிரவும் எங்கள் வீட்டுச் சட்டியில்
அந்த நாக்குக்கான சோறுதான்.
ரெண்டு தரம் மோர் ஊற்றித் தின்றேன்.
படுத்தும் தூக்கமில்லை.
ஒன்றரை மணிக்கு எழுந்து
பதினான்கு நொடியை மட்டும் வெட்டினேன்.
அந்தப் பொத்தானுக்குக் கத்தரிப் படம்தான் போட்டிருக்கிறார்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே
எங்கள் கடைமடைக்கு வர இருபது நாள்;
சில வருஷம் வராது.
இது விடிவதற்குள் வேதாரண்யம் தொட்டு
கடல் தாண்டி
சிங்கப்பூர் மச்சானிடமிருந்து எனக்கே வந்தது:
"பார்த்தியாடா இந்தத் திமிரை?"
பார்த்தேன் என்று போட்டேன்.

பிறகு, மயிலின் கண்ணைச்
சிகரெட்டால் சுட்ட மூட்டைப் படங்கள்.
மன்னார்குடியில் ஒருவர்
ஐந்து கிலோவைச் சாக்கடையில் கொட்டினார்,
கொட்டுமுன் "ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டு.
நடிகை தன் பக்கத்திலிருந்து மயிலை எடுத்தாள்.
தாமதமாக எடுத்தாள் என்று
அவளையும் எடுத்தார்கள்.
'இனி இவருக்குப் பதில் இவர்' என்று
ஒரு திங்கட்கிழமை எழுத்து ஓடியது.
அதே தாலி, அதே மாமியார்.

கூத்தாநல்லூரில் சாகுல் அமீது
மூட்டைகளைக் கடையின் உள்ளறைக்குத் தள்ளினார்.
"பேரில்லாத பையில போட்டுத் தாங்க பாய்" என்று
இருட்டியபின் வந்தார்கள்
காலையில் ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்.
அரிசிக்கு என்ன தெரியும்,
எந்த வீட்டு உலையிலும் மலர்கிறது.

மில்லில் ரெண்டு ஷிஃப்ட் ஒன்றானது.
மூட்டை வாய் தைக்கும் அஞ்சுகத்தை
நின்றுகொள்ளச் சொன்னார்கள்.
பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள்:
"எங்களப் பேசுனதுக்குத்தானே இவ்வளவும்?
அப்புறம் எங்க சீட்டை ஏன் முதல்ல கிழிச்சாங்க?
யாரு தம்பி அதை எடுத்தது?"
தெரியலக்கா என்றேன்.
கொரடாச்சேரி வண்டி வந்தது.
ஏறிக்கொண்டாள்.

மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று
ஒரு வக்கீல் போனில் கேட்டார்.
முழுதும் ஓட்டிப் பார்த்தேன்.
அவரைக் கரையேற்ற ஒன்றுமில்லை.
இன்னும் அமுக்கவும் ஒன்றுமில்லை.
தண்ணீர் குடிக்கிறார்.
மைக் செட் பையனிடம் "சாப்பிட்டியா" என்கிறார்,
பதிலுக்குக் காத்திராமல்
மேடைக்குக் கீழே செருப்பைத் தேடுகிறார்.

தை பிறந்ததும் அதே மில்லிலிருந்து 'வெண்தாழை'.
அதே அரிசி. மயில் பறந்துவிட்டது.
மூட்டை வாயில் தையல் மட்டும் வேறு கை.
கூப்பனுக்கு ஒரு கிலோ வாங்கி வந்த என் மனைவி சொன்னாள்:
"அந்த ஆளோடதுக்கு இது எவ்வளவோ தேவலை."
ஆமாம் என்று இன்னொரு கரண்டி கேட்டேன்.

விளம்பரம் எடுக்க என்னையே கூப்பிட்டார்கள்,
பழைய ஆயிரத்தையும் சேர்த்துத் தருவதாக.
தட்சிணாமூர்த்தி இளைத்திருந்தார்.
சட்டை தோளில் நிற்கவில்லை.
"எங்க நிக்கணும் தம்பி?"
வெளிச்சம் விழும் இடத்தைக் காட்டினேன்.
"ஏதாவது பேசணுமா?"
வேண்டாம் என்றேன்.
கைகூப்பி நின்றார்.
சிவப்புப் புள்ளி எரிந்தது.
பத்து நொடி போதும் என்றிருந்தார்கள்.
பதினான்கு ஆனது, இருபது ஆனது.
அவர் கையை இறக்கவில்லை.
நானும் நிறுத்தவில்லை.