எர்த் குழி

பர்கூரில் இரவு பதினொன்றரை.
ரெக்கார்டு சுற்றவில்லை, முள் இறங்கவில்லை,
ஆனாலும் ஸ்பீக்கருக்குள் யாரோ
வாயை மூடிக்கொண்டு 'ம்' என்கிறார்கள்.
எதற்குச் சம்மதமோ.

இடது வால்வைப் பிடுங்கி வலதில் செருகினேன்.
ம்.
ஹீட்டர் வயர் இரண்டையும் ஜடைபோல முறுக்கினேன்.
கொஞ்சம் தயங்கி, மறுபடி, ம்.
பெங்களூர் போய் வாங்கிய புதுக் கெப்பாசிட்டர்,
நானூறு ரூபாய்,
அதற்கும் ம்.

உள்ளே இருநூற்றைம்பது வோல்ட்.
இடது கை பாக்கெட்டில் கிடக்க
வலது கையில் பென்சில்,
ஒவ்வொரு பற்றாகத் தட்டிக்கொண்டே வந்தவன்
தகரப் பெட்டியின் விளிம்பில் பட்டுவிட்டேன்.

சத்தம் பாதியானது.

விரலை எடுத்தால் வருகிறது.
வைத்தால் அடங்குகிறது.
அப்படியானால் சுவரிலிருக்கும் எர்த்தைவிட
செருப்பில்லாமல் நிற்கும் நான்
நல்ல எர்த்.

டார்ச்சோடு கொல்லைக்குப் போனேன்.
குழியில் கரி, உப்பு,
சித்திரை முழுக்கக் காய்ந்த மண்.
அதற்கும் கீழே
இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் வரும்
அதே கருங்கல்.

குடத்தைத் தூக்கினேன்.
"பாட்டுக்கா தண்ணி?"
இருட்டுக்குள்ளிருந்து ரத்னவேணி.
லாரி இனி வெள்ளிக்கிழமைதான்.
பாத்திரம் கழுவிய வாளியை
அவளே காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

பருக்கைகளோடு ஊற்றினேன்.
மண் குடிக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது.

உள்ளே ஸ்பீக்கர் ஊமையாக நின்றது.
முள்ளை இறக்கினேன்.
முதல் சொல்லுக்கு முன்னால்
பாடகி மூச்சை இழுப்பது கேட்டது,
வலது பக்கம் மட்டும்.

"சரியாயிடுச்சா?"

ம், என்றேன்.